பானிபட்டில் தவறிய குண்டு

புனேயில் வாழ்ந்த வானியற்பியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் (1938–2025) மராத்தியில் எழுதிய விஞ்ஞானக் கதையொன்று, மத்தியப் பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலிலும் இடம்பெற்றது. 1761-ஆம் ஆண்டு மூன்றாம் பானிபட் போரில் விசுவாசராவ் குண்டுபட்டு மடிந்தார், மராத்தியர் தோற்றனர். கதையிலோ அக்குண்டு அவர் காதை உரசிச் செல்கிறது, மராத்தியர் வெல்கின்றனர். புனே நகர வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், லாரி மோதிய கணத்தில் அந்த இணை உலகினுள் புகுந்து, பின் மீள்கிறார். அங்குப் படித்த நூலின் கிழிந்த தாள் அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது.

இதைப் படிக்கும் மாணவருக்கு, “இது மெய்யா?” என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. அந்தத் தாள்தான் மயக்குகிறது. கதைதானே என்று ஆசிரியர் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் கேள்வி நல்ல கேள்வி. எலெக்ட்ரான் எங்குச் சென்று சேரும் என்று முன்கூட்டி உறுதியாகக் கூற இயலாது, நிகழ்தகவு மட்டுமே கூறலாம் என்பது சோதனைகளில் கண்டது. அதன் ஒவ்வொரு வாய்ப்பும் தனித்தனி உலகில் நிறைவேறுகிறது எனக் கொள்வது, அமெரிக்கரான ஹியூ எவரெட் 1957-இல் வெளியிட்ட கருத்தினின்று வளர்ந்த விளக்கம். இயற்பியலாருள் அதனை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். உலகம் விட்டு உலகம் சென்று தாளோடு திரும்புவது அவ்விளக்கத்திலும் இல்லை. அது முற்றிலும் நார்லிகரின் கற்பனை.

துப்பாக்கிக் குண்டு எலெக்ட்ரான் அன்று. அதன் பாதையைக் கணிக்க நியூட்டனின் விதிகளே போதும். கூரிய மாணவன் இதையும் கேட்பான். நார்லிகர் அதை அறியாதவர் அல்லர். இவ்வேறுபாட்டைக் கதைக்குள்ளேயே ஒரு பாத்திரத்தின் வாயிலாகக் கூறியிருக்கிறார்.