புகழை மாணவர்க்கு ஈந்த ஆசான்

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு. மகன் பொறியாளனாக வேண்டும், மகள் மருத்துவராக வேண்டும் என்று பெற்றோர் தம் ஆசையை வெளியிடுவர். 'நான் ஆசிரியராகப் போகிறேன்' என்று பிள்ளை சொல்லிவிட்டாலோ வீட்டில் சற்று நேரம் அமைதி நிலவும். 'வேறொன்றும் அமையாவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ளலாம்' என்று யாரேனும் ஒருவர் மெல்லச் சொல்லி அப்பேச்சை முடித்து வைப்பர்.

இவ்வாறு எண்ணுவோர் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. நாட்டின் விண்வெளிப் பணிக்குத் தலைமை ஏற்குமாறு பிரதமரே அழைத்தபோது, 'நான் பணிபுரியும் கல்விக் கழகத்தை விட்டு வரமாட்டேன். அதற்கு இசைந்தால் ஏற்கிறேன்' என்று மறுமொழி கூறிய பேராசிரியர் ஒருவரின் வாழ்க்கை அது. அவர் பெயர் சதீஷ் தவான். வானூர்திப் பொறியியல் அவருடைய துறை; பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகம் அவருடைய இல்லம் போன்றது.

இலக்கியமும் இயந்திரமும்

தவான் 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் காசுமீரத்தின் சீநகரில் பிறந்தார். லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற பட்டங்களைக் கேட்டால் நமக்கு வியப்பு உண்டாகும். கணிதமும் இயற்பியலும் பயின்று ஒரு பட்டம், ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம், பின்னர் 1945இல் இயந்திரப் பொறியியலில் ஒரு பட்டம் என மூன்றையும் அவர் பெற்றார். 'ஒரு வழியில் நில்லாமல் பையன் அலைகிறானே' என்று கவலைப்படும் பெற்றோர் இதனைக் கருத்திற் கொள்ளலாம். இலக்கியம் கற்றதனால் அவருடைய பொறியியல் குறைந்துவிடவில்லை.

பெங்களூரில் இருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் சிறிது காலம் பணியாற்றிய பின் அவர் அமெரிக்கா சென்றார். 1947இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அவர் படித்த லாகூர் அவ்வாண்டிலேயே வேறொரு நாட்டின் நகரமாயிற்று. தொடர்ந்து கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் ஹான்ஸ் லீப்மன் என்னும் பேராசிரியரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, 1951இல் முனைவர் பட்டம் பெற்றார்.

காற்றின் இழுப்பை அளந்தவர்

அவர் செய்த ஆய்வு யாது? ஆற்றங்கரையில் நின்று பார்த்தால், நடு ஆற்றில் நீர் விரைந்தோடுவதையும் கரையோரத்து நீர் தயங்கித் தயங்கிச் செல்வதையும் காணலாம். வானூர்தியின் மேனியை ஒட்டிச் செல்லும் காற்றும் இத்தகையதே. உலோகத் தகட்டைத் தொட்டுச் செல்லும் மெல்லிய காற்றுப் படலம் தகட்டோடு உராய்ந்து, வானூர்தியைப் பின்னோக்கி இழுக்கிறது. அவ்விழுப்பை வெல்வதற்கு எரிபொருள் செலவாகிறது. ஆதலால் அதன் அளவை அறிவது வானூர்தி அமைப்போர்க்கு இன்றியமையாதது.

அக்காலத்தில் அந்த உராய்வு பெரும்பாலும் கணக்கிட்டே அறியப்பட்டு வந்தது. தவானோ அதனை நேரடியாக அளக்க முற்பட்டார். தட்டையான பலகை ஒன்றின் மேற்பரப்பில் சிறு துண்டை மட்டும் தனியே பிரித்து, அது இம்மியளவு அசைய இடம்விட்டுப் பொருத்தினார். மேலே காற்று பாயும்போது அத்துண்டு மிக நுண்ணிய அளவே நகரும். அந்நகர்வை மின்கருவியால் அளந்து, காற்றின் இழுவிசையைக் கண்டார். ஒலியினும் குறைந்த வேகத்திலும், ஒலியை விஞ்சும் வேகத்திலும் இவ்வாறு அளக்க இயலும் என்று அவர் காட்டினார். பிற்காலத்தில் இத்துறையில் ஆய்ந்தோர் பலருக்கு அது வழிகாட்டியாயிற்று.

ஓரங்குலத்தில் ஒரு தொடக்கம்

இத்தகைய திறமை படைத்தவர் அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் எவரும் வியந்திரார். தவான் 1951இலேயே தாயகம் திரும்பி, இந்திய அறிவியல் கழகத்தில் அலுவலராகச் சேர்ந்தார். 1955இல் வானூர்திப் பொறியியல் துறையின் பேராசிரியராகவும் தலைவராகவும் உயர்ந்தார்.

ஒலியை விஞ்சும் வேகத்தில் காற்றைப் பாய்ச்சி ஆராயும் காற்றுச் சுரங்கம் அந்நாளில் இந்தியாவில் இல்லை. தவான் அங்கே ஒன்றை அமைத்தார். மாதிரியை வைத்து ஆராயும் பகுதியின் அளவு எவ்வளவு தெரியுமா? ஓரங்குலத்துக்கு மூன்றங்குலம்! ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய வாய் என்று சொல்லலாம். பெரிய கருவிக்குப் பணம் வரட்டும் என்று அவர் கைகட்டிக் காத்திருக்கவில்லை. இருப்பதைக் கொண்டு தொடங்கினார். மாணவர்களையும் தம்மோடு சேர்த்துக்கொண்டு கற்றார். அங்கே பெற்ற பட்டறிவு, பின்னர் 1960களில் பெங்களூர்த் தேசிய வானூர்தி ஆய்வகத்தில் 1.2 மீட்டர் அளவுடைய பெரிய காற்றுச் சுரங்கம் உருவானபோது கைகொடுத்தது.

அவரிடம் பயின்ற ரொத்தம் நரசிம்மா, தம் ஆசானைப் போலவே லீப்மனிடம் சென்று முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். பாய்ம இயக்கவியலில் உலகறிந்த அறிஞராகி, தேசிய வானூர்தி ஆய்வகத்தின் இயக்குநராகவும் விளங்கினார்.

1962இல் தவான் கழகத்தின் இயக்குநரானார். அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டியே இருந்தது. 1981 வரை அப்பொறுப்பில் இருந்தார். அக்கழக வரலாற்றில் அவரளவு நீண்ட காலம் இயக்குநராக இருந்தவர் வேறெவரும் இலர். தம் துறை மட்டுமே வளர வேண்டும் என்று அவர் கருதவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் புரதங்களின் அமைப்பை ஆராய்ந்து பெயர் பெற்ற ஜி. என். இராமச்சந்திரன் பெங்களூருக்கு வந்து ஒரு புதிய ஆய்வுப் பிரிவை நிறுவியது அவர் காலத்தில்தான். சிற்றூர் மக்களுக்கு அறிவியல் பயன்பட வேண்டும் என்ற நோக்குடன் 1974இல் 'அஸ்த்ரா' என்னும் பிரிவு தொடங்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். குறைந்த விறகில் எரிந்து, புகையை வெளியே போக்கும் அடுப்பு ஒன்றை அப்பிரிவு பின்னாளில் உருவாக்கியது. வானூர்திப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் நடந்த கழகம், புகை சூழ்ந்த அடுக்களையில் கண் கலங்கிய தாய்மாரையும் நினைத்தது என்பது நம் மனத்தை நெகிழ்விப்பதாகும்.

வந்த பதவியும் விடாத பணியும்

1971ஆம் ஆண்டு தவான் விடுப்புப் பெற்று, தாம் பயின்ற கலிபோர்னியாக் கழகத்துக்கு மீண்டும் சென்றிருந்தார். அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் இந்திய விண்வெளிப் பணியின் தந்தையான விக்ரம் சாராபாய் திடீரெனக் காலமானார். கேரளக் கடற்கரையில் தும்பா என்னும் ஊரில், மீனவ மக்கள் தம் புனித மகதலா மரியா ஆலயத்தையே விட்டுக்கொடுக்க, அங்கே தொடங்கிய பணி அது. 1963இல் முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. அப்பணி தலைவரை இழந்து நின்றது.

பிரதமர் இந்திரா காந்தி தவானை அழைத்தார். விண்வெளி நிறுவனத்தின் தலைமையிடம் பெங்களூரில் இருக்க வேண்டும். தாம் அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் தொடர வேண்டும் என்று தவான் கேட்டுக்கொண்டார். பிரதமர் இசைந்தார். 1972இல் பொறுப்பேற்ற தவான், 1981 வரை இரு பெரும் பொறுப்புகளையும் ஒருங்கே சுமந்தார். விண்வெளிப் பொறுப்பில் மட்டும் 1984 வரை நீடித்தார்.

அவர் தலைமையில் 1975 ஏப்ரல் 19ஆம் நாள் ஆரியபட்டா என்னும் முதல் இந்தியச் செயற்கைக்கோள் சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்டது. 1975-76இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணைகொண்டு, ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி வழியே வேளாண்மையும் உடல்நலமும் கல்வியும் கற்பிக்கப்பட்டன.

தோல்வியின் மாலை

ஆயினும் தவானின் ஆசிரிய உள்ளத்தை முழுமையாகக் காட்டியது ஒரு தோல்வியே. நம் நாட்டிலேயே செய்த எஸ்.எல்.வி.-3 என்னும் ராக்கெட் 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. நான்கு அடுக்குகள் கொண்ட அதன் எடை ஏறத்தாழ 17 டன். முதல் அடுக்கு நன்கு இயங்கிற்று. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் பழுது நேர்ந்தது. சில நிமிடங்களில் பல்லாண்டு உழைப்பு வங்கக் கடலில் வீழ்ந்தது.

அத்திட்டத்தின் இயக்குநர் இராமேசுவரத்தில் பிறந்து, சென்னையில் வானூர்திப் பொறியியல் பயின்ற அப்துல் கலாம். செய்தியாளர்கள் காத்திருந்தனர். குறை கூறுதற்கு ஒரு பெயர் வேண்டும் என்பது உலக இயல்பு. பொறுப்பாளரைக் கைகாட்டிவிட்டு ஒதுங்குவது தலைவர்க்கு எளிது. தவானோ கலாமை அழைத்துக்கொண்டு செய்தியாளர் முன் சென்று, தாமே பேசினார். தோல்விக்கான பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். தம் குழுவினர்மேல் தமக்கு நம்பிக்கை உண்டென்றும், அடுத்த முறை வெற்றி கிட்டும் என்றும் உரைத்தார்.

1980 ஜூலை 18ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 மீண்டும் எழுந்தது. ரோகிணி என்னும் செயற்கைக்கோளை வானில் நிலைநிறுத்திற்று. தன் மண்ணிலிருந்து தன் ராக்கெட்டால் இதைச் சாதித்த நாடுகளின் சிறு வரிசையில் இந்தியாவும் சேர்ந்தது. செய்தியாளர் மீண்டும் திரண்டனர். இம்முறை தவான் முன்வரவில்லை. 'நீங்களே சென்று பேசுங்கள்' என்று கலாமை அனுப்பிவைத்தார்.

பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக உயர்ந்த கலாம், தலைமைப் பண்பு குறித்து இளைஞர்கள் கேட்டபோதெல்லாம் இந்நிகழ்ச்சியையே எடுத்துரைத்தார். தாம் எந்நூலிலிருந்தும் கற்காத பாடம் இது என்பது அவர் கருத்து.

இதை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்வது? மேலாண்மைத் தந்திரம் என்று இதனைச் சொல்லிவிட இயலாது. நல்லாசிரியர் ஒவ்வொருவரும் வகுப்பறையில் நாள்தோறும் செய்வது இதுவே. மாணவன் தவறினால் 'நான் இன்னும் தெளிவாகக் கற்பித்திருக்க வேண்டும்' என்று வருந்துவார். அவன் தேறினால் 'அவன் உழைத்தான்' என்று மகிழ்வார். தவான் வகுப்பறையின் இந்த வழக்கத்தையே நாட்டின் கண்முன் கடைப்பிடித்தார். கழகத்தை விட்டு வரமாட்டேன் என்று அவர் சொன்னதன் பொருளும் நமக்கு இங்கேதான் விளங்குகிறது.

பறவைகளை நோக்கி

ஓய்வுக் காலத்திலும் அவர் பறத்தலை மறக்கவில்லை. பறவைகள் எவ்வாறு பறக்கின்றன என்பதைப் பற்றி நூல் எழுதினார். ஸ்ரீஹரிகோட்டாவை அடுத்துள்ள பழவேற்காட்டு ஏரியையும் அங்கு வரும் பறவைகளையும் காக்க வேண்டும் என்பதில் கவலை கொண்டிருந்தார். 2002ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் பெங்களூரில் காலமானார். அவ்வாண்டிலேயே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குச் சதீஷ் தவான் விண்வெளி மையம் என்று பெயர் சூட்டப்பட்டது.

பழவேற்காட்டுப் பக்கத்து மக்கள் வீட்டு முற்றத்தில் நின்றே ராக்கெட் எழுவதைக் காண்கின்றனர். நம்மில் பலர் தொலைக்காட்சியில் காண்கிறோம். பிள்ளைகள் கைதட்டி ஆர்ப்பரிக்கும்போது, அந்த ஏவுதளம் ஓர் ஆசிரியரின் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்வோமாக. அப்பிள்ளைகளுள் ஒருவர் 'நானும் ஆசிரியராவேன்' என்று சொல்லக்கூடும். அன்று நம் வீட்டில் அந்தப் பழைய அமைதி நிலவ வேண்டியதில்லை.