கடையில் செல்வந்தர், கடதாசியில் ஏழை

சென்ற வருடம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது, பழக்கமான ஹாஜியார் ஒருவர் ஒரு கட்டுக் கடதாசிகளோடு எனக்காகக் காத்திருந்தார். அவருடைய மகளுக்கு 2023இல் நிக்காஹ் நடந்தது. மருமகன் அமெரிக்கப் பிரஜை. நியூயோர்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் சிறியதொரு பலசரக்குக் கடை நடத்துகிறார். பிள்ளையோ இன்னும் வாப்பாவின் வீட்டில்.

"தம்பி, மருமகன்ட கடையில வருசத்துக்கு ரெண்டு லட்சம் டொலருக்கு மேல வியாபாரம். ஆனா கடதாசியில அவர் ஏழை எண்டு வருது. இது என்ன கணக்கு?" என்று கேட்டார்.

அவர் கொண்டுவந்தது ஐ-864 என்னும் பொறுப்பேற்புப் படிவம். மனைவியைக் குடிவரவு விஸாவில் அழைக்கும் கணவர், அவள் அரசாங்க உதவியில் தங்கியிருக்க மாட்டாள் என்று அமெரிக்க அரசுக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பிணை இது. வீட்டிலுள்ளோர் தொகைக்கேற்ப வறுமைக்கோட்டின் 125 வீதத்துக்குக் குறையாத வருமானத்தை அவர் காட்ட வேண்டும். 2025ஆம் ஆண்டின் அளவுப்படி, கணவன் மனைவி இருவருக்கு இது 26,437 டொலர்.

மாதச் சம்பளக்காரருக்கு இது இலேசான காரியம். முதலாளி கொடுக்கும் டபிள்யூ-2 பத்திரமும் வரிக் கணக்கும் பெரும்பாலும் போதும். சொந்தத் தொழில் செய்பவர் அந்தச் சுருக்கமான படிவத்தைக்கூடப் பயன்படுத்த முடியாது. அவர் முழுப் படிவத்தையும் நிரப்பி, கடைசி வருட வரிக் கணக்கை இணைக்க வேண்டும். தொழிலின் இலாப நட்டத்தைக் காட்டும் 'ஷெடியூல் சி' அதிலே அடங்கும். விரும்பினால் மூன்று வருடக் கணக்குகளையும் கொடுக்கலாம்.

மருமகன் சறுக்கியது இங்கேதான். படிவம் 'மொத்த வருமானம்' கேட்கிறது. அவர் மொத்த விற்பனையை எழுதிவிட்டார். அவர்கள் பார்ப்பது வரிப் பத்திரத்தில் உள்ள மொத்த வருமானத்தை. சரக்கின் விலை, வாடகை, மின்சாரம், பெறுமானத் தேய்வு எல்லாம் கழிந்த பின்னர் வரும் தேறிய இலாபமே அங்கு போய்ச் சேரும். வரியைக் குறைக்க வேண்டும் என்று சகல செலவுகளையும் கழித்ததில், அவருக்கு மிஞ்சியது 17,200 டொலர். துண்டு விழுந்தது 9,237 டொலர்.

"என் கடையின் வங்கிக் கணக்கைக் காட்டுவோமா?" என்றார் ஹாஜியார். முடியாது. இணைப் பிணையாளியாக நிற்பவர் அமெரிக்காவில் வதியும் பிரஜையாகவோ நிரந்தர வதிவுரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். "அப்ப மருமகன்ட கணக்குல கொஞ்சக் காலத்துக்குக் காசு போட்டு எடுப்பமா?" இதற்கு நான் இடமே கொடுக்கவில்லை. பொய் சொன்னால் சட்டத் தண்டனை உண்டு என்று அறிந்தே போடும் கையெழுத்து அது. இரவல் காசைச் சொந்தம் என்று காட்டுவது நமது மார்க்கத்திலும் பொய்தான்.

நேர்மையான வழிகள் இரண்டு இருந்தன. முதலாவது, சொத்துக் காட்டுவது. பிரஜை ஒருவர் மனைவியை அழைக்கும்போது, துண்டு விழும் தொகையின் மூன்று மடங்கு பெறுமதியான சொத்துப் போதும். இவருக்கு அது 27,711 டொலர். கடன் கழித்த பெறுமதியே கணக்கு. ஒரு வருடத்துக்குள் பணமாக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மருமகனின் கையிருப்போ கடைச் சரக்கில் முடங்கிக் கிடந்தது.

இரண்டாவது, இணைப் பிணையாளி. மருமகனின் சகோதரியின் கணவர் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிறார். அவர் தமது வருமானத்தை மருமகனின் வருமானத்தோடு கூட்டிக் காட்ட முடியாது. தனியாகவே அளவை எட்ட வேண்டும். அவருடைய வீட்டில் நான்கு பேர், நம் பிள்ளையோடு ஐவர். 2025இன்படி 47,062 டொலர் தேவை. அவருக்கு அதைவிட அதிகம் இருந்தது.

ஆயினும், அவசரப்பட வேண்டாம் என்று நானே ஹாஜியாருக்குச் சொன்னேன். இந்தப் பிணை விவாகரத்தாலும் முறியாது. அவள் பிரஜையாகும் வரை, அல்லது 40 காலாண்டு உழைப்பு அவள் கணக்கில் சேரும் வரை, அல்லது வதிவுரிமையை விட்டு நாட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறும் வரை, அல்லது மரணம் வரை அது கழுத்தில் இருக்கும். கையெழுத்து வைப்பவர் இதைத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும் என்றேன். ஹாஜியார் தொலைபேசியில் எல்லாவற்றையும் விளக்கினார். அந்த மனிதர் ஒரு வாரம் யோசித்து, மனைவியோடும் பேசி, கையெழுத்திட்டார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

மருமகனும் தமது படிவத்தைத் திருத்தி, 17,200 என்ற உண்மைத் தொகையையே எழுதினார். நடப்பு வருட இலாப நட்டக் கணக்கையும் வங்கிக் கூற்றுகளையும் சேர்த்தார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இப்போது கணவனுடன் இருக்கிறாள்.

இதை எழுதுவது அமெரிக்கா போகிறவர்களுக்காக மட்டுமல்ல. இலாபத்தைச் சிறிதாக எழுதும் பழக்கம் நமது கடைத்தெருக்களிலும் உண்டு. வரி கேட்கும்போது ஏழையாகவும் வங்கிக் கடன் கேட்கும்போது செல்வந்தராகவும் ஒரே மனிதர் இருக்க முடியாது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதன் முக்கியத்துவத்தை சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. ஆகவே சகோதரர்களே, கடைக்கும் வீட்டுக்கும் வெவ்வேறு கணக்கு வையுங்கள். உள்ள இலாபத்தை உள்ளபடி எழுதுங்கள். பிள்ளையின் வாழ்க்கை ஒரு கடதாசியில் தங்கி நிற்கும் நாளில், இன்ஷா அல்லாஹ், அந்தக் கணக்கே உங்களுக்காகப் பேசும்.