ஆலைக்கும் பண்ணைக்கும் மாற்று மின்சாரம்

திருநின்றவூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெல் ஆலைகளும், பால் சேகரிக்கும் நிலையங்களும், கோழிப் பண்ணைகளும் இக்காலத்தில் மின்சாரத்தை நம்பியே நடைபெறுகின்றன. 1932-இல் பைக்காராவிலும் 1937-இல் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் ஏற்பட்ட பின்னர், தமிழ்நாட்டு ஆலைகள் பலவற்றில் எண்ணெய் எஞ்சின் கழற்றப்பட்டு அவ்விடத்தில் மோட்டார் அமர்ந்தது. மோட்டாருக்குப் புகையில்லை, தொல்லையில்லை. ஆயினும் கம்பி அறுந்தால் அது வெறும் இரும்பே. 2008 முதல் சில ஆண்டுகள் நிலவிய கடும் மின்வெட்டில் அவதியுற்றவர் அநேகர் ஜெனரேட்டர் வாங்கினார்கள். மின்வெட்டு நீங்கிய பின் அவை கொட்டகை மூலையில் ஒதுங்கின. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைக்கு அருகில் கரையேறி, ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தபோது, புறநகர்ப் பகுதிகள் பல நாட்கணக்கில் இருளில் இருந்தன. நோட்டு மாற்றம் நடந்து ஒரு மாதமே ஆகியிருந்த காலம் அது. டீசல் வாங்கக் கையில் ரொக்கமும் அருமையாயிருந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போதோ, வெள்ளம் தேங்கிய இடங்களில் ஆபத்தைத் தவிர்க்க மின்சாரத்தை அதிகாரிகளே நிறுத்தி வைக்க நேர்ந்தது. ஆகவே மாற்று மின்சாரம் என்பது மின்வெட்டுக் காலத்துக்கு மட்டும் உரிய விஷயமன்று.

ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "என் ஆலைக்கு எத்தனை கே.வி.ஏ. வேண்டும்?" என்பதே. அக்கேள்வி இரண்டாவதாக வர வேண்டியது. மின்சாரம் நின்றால் எது கெடும், எவ்வளவு நேரத்தில் கெடும் என்பதையே முதலில் கணக்கிடுதல் வேண்டும். வேலை நிற்பது வேறு. சரக்கு கெடுவது வேறு.

புழுங்கல் அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். காய்ந்த நெல்லை அரைப்பது ஒரு நாள் தாமதித்தால் கூலி நஷ்டமே தவிர நெல்லுக்குக் கேடில்லை. ஆனால் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும் நெல் காத்திராது. அவிக்கத் தாமதித்தால் புளித்து நாற்றம் எடுக்கும். அவித்த ஈர நெல்லைச் சுமார் 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவராமல் குவித்து வைத்தால் சூடேறி நிறம் மாறும். இவ்விரண்டினும் முக்கியமானது பாய்லர். மின்சாரம் நின்ற கணமே தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றுவிடுகிறது. அடுப்பிலுள்ள உமித் தீயோ நிற்பதில்லை. நீர்மட்டம் கண்ணாடிக் குழாயில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்குமாயின் உயிருக்கே மோசம். ஆகையால் ஆலையின் மாற்று மின்சாரத்தில் முதல் பங்கு பாய்லர் பம்புக்கு. நீராவியாலேயே தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர் ஒன்றும் உடன் இருத்தல் நலம். அடுத்தது டிரையர். அரவை யந்திரங்கள் கடைசி.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகளின் அமைப்பும் இதே முறையைக் காட்டுவது. மின்சாரத்தால் உருக்கும் உலையை ஜெனரேட்டர் கொண்டு ஓட்டுவது கட்டுப்படியாகாது. அதை எவரும் எண்ணுவதில்லை. ஆயின் உலையைச் சுற்றியுள்ள செப்புச் சுருளில் ஓடும் குளிர்நீர் நின்றால் சுருள் உருகிவிடும். ஆகவே அந்த நீரை ஓட்டுவதற்கு மாத்திரம் உயரத்தில் ஒரு தொட்டியும் ஒரு சிறு டீசல் பம்பும் வைப்பது அத்தொழிலின் வழக்கம்.

பால் நிலையத்தில் நேரமே பிரதானம். கறந்த பால் உடல் சூட்டோடு வருகிறது. அதனை விரைவில் 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிர்விக்க வேண்டும். குளிர்ந்து முடிந்த பால் நல்ல உறையிட்ட தொட்டியில் சில மணி நேரம் மின்சாரமின்றியே தாங்கும். காலையிலும் மாலையிலும் பால் வந்து சேரும் வேளையில் மின்சாரம் போவதே அபாயம். எனவே சங்கத்தார் இரவு முழுவதும் எஞ்சினை ஓட்டி டீசலை வீணாக்க வேண்டியதில்லை. முழுதும் மூடி விசிறியால் காற்றோட்டம் செய்யும் கோழிக் கொட்டகையோ இதற்கு நேர்மாறு. கோடையில் விசிறி நின்றால் அரை மணிக்குள் கோழிகள் சாகத் தொடங்கும். அங்கே தானாகவே கிளம்பும் ஜெனரேட்டரும், அது கிளம்பாவிடில் கூவி எழுப்பும் மணியும், கையால் திறக்கக்கூடிய பக்கத் திரைகளும் அவசியம்.

இனி அளவு. 15 குதிரைச் சக்தி டிரையர் புளோயர், 5 குதிரைச் சக்தி பாய்லர் பம்பு, 3 குதிரைச் சக்தி எலிவேட்டர் ஆக 23 குதிரைச் சக்தி ஓட வேண்டுமென்று கொள்வோம். மோட்டார்களில் வீணாவதையும் சேர்த்தால் இது சுமார் 20 கிலோவாட், ஏறக்குறைய 23 கே.வி.ஏ. ஆகும். ஆனால் மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போல் ஆறு மடங்கு மின்சாரத்தை ஒரு சில விநாடி இழுக்கும். 15 குதிரைச் சக்தி மோட்டார் நேராகக் கிளம்பினால் அந்த நொடியில் 90 கே.வி.ஏ.க்குக் குறையாமல் கேட்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். ஆகவே ஸ்டார்-டெல்டா பொருத்தி, பெரிய மோட்டாரை முதலிலும் சிறியவற்றைப் பின்னும் கிளப்பும் ஆலைக்கு 40 கே.வி.ஏ. தாராளமாகப் போதும். ஸ்டார்ட்டருக்குச் செலவிட மனமில்லாதவர் அதைவிடப் பல மடங்கு பணத்தைப் பெரிய ஜெனரேட்டரில் கொட்டுகிறார்.

பெரிதாய் வாங்கிவிட்டால் கவலையில்லை என்பது பலருடைய எண்ணம். அது சரியன்று. மேற்சொன்ன 23 கே.வி.ஏ. சுமைக்கு 125 கே.வி.ஏ. யந்திரத்தை ஓட்டினால், எஞ்சின் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குகூட வேலை செய்யாது. அப்போது சிலிண்டர் போதிய சூடேறாமல், எரியாத எண்ணெய் புகைக் குழாயில் கருமையாய்க் கசியும்; எஞ்சினின் ஆயுளும் குறையும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓட்டலாகாது. 20 கிலோவாட் சுமைக்கு மணிக்குச் சுமார் 6 லிட்டர் டீசல் செல்லும்; இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 144 லிட்டர். புயல் எச்சரிக்கை வந்த பிறகு பீப்பாயைத் தூக்கிக்கொண்டு பங்குக்கு ஓடுவோர் இதனைக் குறித்துக்கொள்க.

கணக்கர் அறையின் விளக்கு, கணிப்பொறி, எடை மேடை ஆகியவற்றுக்கு இன்வெர்ட்டரும் பாட்டரியும் போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று 300 வாட் சுமையைச் சுமார் மூன்று மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் வற்ற விட்டால் சீக்கிரம் கெடும். அதற்கு ஊற்ற வேண்டியது வடிநீர். கிணற்று நீர் ஆகாது. கூரையில் சூரியத் தகடு உள்ளவர்கள் ஒன்றை அறிதல் வேண்டும். மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் நல்ல வெயிலிலும் தானே நின்றுவிடும். பாட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் சேர்ந்திருந்தால்தான் அது மாற்று மின்சாரமாகும்.

அவ்விதம் நிற்கும்படி செய்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஜெனரேட்டர்காரர்களும் அதை மனத்தில் கொள்ள வேண்டும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் கம்பியை மீட்டர்ப் பலகையில் செருகுகிறவர், தம் வீட்டுக்கு மட்டும் மின்சாரம் தருவதாக நினைக்கிறார். அது வெளிக்கம்பி வழியே டிரான்ஸ்பார்மரை அடைந்து, அங்கே தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாக மாறும். மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மின் ஊழியர் அதைத் தொடுவார். ஒரு சமயத்தில் ஒன்றே இணையும்படியான, நியூட்ரலையும் பிரிக்கும் நான்கு முனைச் சுவிட்சை உரிமம் பெற்ற மின்பணியாளர் கொண்டு பொருத்தி, மின்வாரிய அலுவலகத்துக்கு முன்னதாகத் தெரிவித்தல் வேண்டும். புயல் காலங்களில் கிராம அதிகாரிகள் ஜெனரேட்டர் சத்தம் கேட்கும் இடங்களில் முதலில் விசாரிக்க வேண்டியது இந்தச் சுவிட்சைப் பற்றியே.

யந்திரத்தை வைக்கும் இடம் ஊரின் வெள்ளக் குறிக்கு மேல் கட்டிய மேடையாயிருக்கட்டும். ஏரியோரத் தாழ்நிலத்தில் 2015-ஆம் ஆண்டு வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதைப் பெரியவர்கள் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டுதல் கூடவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். நெல் ஆலையில் உமித்தூசி காற்று வடிகட்டியை அடைத்துவிடுமாதலால், மற்ற இடங்களைவிட இங்கே அடிக்கடி அதனைச் சுத்தம் செய்தல் வேண்டும்.

பராமரிப்பில் முக்கியமானது பழக்கமாக ஓட்டுவது. இந்தத் திருநின்றவூரில்தான் பூசலார் நாயனார் மனத்திலேயே கோயில் கட்டி முடித்தார். ஜெனரேட்டரை மனத்தில் வைத்திருந்தால் டிரையர் ஓடாது. மாதம் இருமுறை அரை மணி நேரம், வெறுமனே அல்லாமல் மோட்டார்களை மாட்டிப் பாதிச் சுமையிலாவது ஓட்டுக. எஞ்சின் கிளம்பாமைக்குப் பெரும்பாலும் காரணம் பாட்டரியே. ஓய்விலிருக்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் கீழிறங்கினால் சார்ஜ் செய்க. முனைகளில் பூக்கும் உப்பைத் துடைத்து வாசலின் தடவுக. எஞ்சின் எண்ணெயைத் தயாரிப்பாளர் சொன்ன மணிக்கணக்கில், பொதுவாக 250 மணிக்கு ஒருமுறை மாற்றுக. அவ்வளவு ஓடாவிடினும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும். எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுக. டீசல் தொட்டியின் அடியில் தங்கும் நீரை மழைக்காலத்துக்கு முன் வடித்து, பழைய டீசலைச் சோதனை ஓட்டத்தில் செலவழித்துப் புதியதை நிரப்புக. ஓட்டிய நாள், மணி, சுமை, ஊற்றிய டீசல் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி அறையிலேயே தொங்கவிடுக. அறைச் சாவி ஒன்று இரவுக் காவலாளியிடமும் இருக்கட்டும்; முதலாளியோடு சாவியும் சென்னைக்குப் போய்விடும் ஆலைகள் உண்டு.

புதிதாய் எஞ்சின் வாங்க வசதியில்லாத பட்டாதாரர், டிராக்டரின் பி.டி.ஓ. தண்டால் சுழலும் ஆல்டர்னேட்டரை யோசிக்கலாம். ஒரு கிலோவாட்டுக்கு இரண்டு குதிரைச் சக்தி என்ற கணக்கில், 45 குதிரைச் சக்தி டிராக்டர் சுமார் 20 கிலோவாட் தரும். வேகம் தளராமல் பார்த்துக்கொள்ள ஆள் அருகிலேயே நிற்க வேண்டும். சுழலும் தண்டுக்கு மூடி அவசியம். வேட்டி கட்டியவரை அதனருகே விடலாகாது.