வீட்டுக்குச் சூரிய மின்சாரம்: குடும்பங்கள் அதனை நாடுவது ஏன்?

நாற்றை வளர்ப்பதும், சூடடித்த நெல்லை உலர்த்துவதும் ஞாயிற்றின் ஒளியே. அவ்வொளியை மின்சாரமாக்கி வீட்டில் உபயோகிக்கும் முறை இலங்கைக் கிராமங்களில் 1990 ஆம் ஆண்டுகளிலிருந்து பரவலாயிற்று. குடும்பங்கள் இதனை நாடியமைக்கான காரணங்கள் காலத்துக்குக் காலம் வேறுபட்டன. இன்று இதிற் பணம் முதலிட எண்ணும் கமக்காரர் அவற்றை அறிந்திருத்தல் நன்று.

வெளிச்சம்

மின்கம்பி எட்டாத ஊர்களில் மண்ணெண்ணெய் விளக்கே துணையாயிருந்தது. புகையும் தீ விபத்தும் ஒருபுறம். பிள்ளைகளின் படிப்புக்கு அவ்வொளி போதாமை மறுபுறம். உலக வங்கியின் உதவியுடன் 1997 இலும் 2002 இலும் தொடங்கிய இரு திட்டங்களால் 100,000 இற்கு மேற்பட்ட வீடுகள் சூரிய ஒளி பெற்றன. ஒரு தகடு, ஒரு பற்றரி, சில விளக்குகள் ஆகியவையே அத்தொகுதி. முழு விலையையும் ஒருங்கே கொடுக்க இயலாதோருக்குச் சர்வோதயத்தின் சீட்ஸ் நிறுவனம் போன்றவை கடன் வழங்கின. விருப்பம் முன்னரே இருந்தது. தவணைக் கடன் அதனை நிறைவேற்றியது. பின்னர் மின்கம்பி வந்தபொழுது பலர் தகடுகளைக் கைவிட்டனர்.

கட்டணம்

2016 செப்டெம்பரில் அரசாங்கம் 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் ஒரு முறையில், மேலதிக மின்சாரத்தின் அலகொன்றுக்கு முதல் 7 ஆண்டுகளுக்கு 22 ரூபாவும், அடுத்த 13 ஆண்டுகளுக்கு 15.50 ரூபாவும் குறிக்கப்பட்டன. பாவனை கூடக்கூட அலகின் விலையும் கூடுவதால், பெருந்தொகை செலுத்தும் வீடுகளுக்கே இதில் இலாபம் மிகுதி. சில விளக்குகள் மட்டும் எரியும் வீட்டுக்கு இலாபம் சிறிதே.

தட்டுப்பாடு

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. அவ்வாண்டு ஓகஸ்டில், லீற்றர் 87 ரூபாவாயிருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவாயிற்று. மண்ணெண்ணெய் இயந்திரத்தால் இறைத்த வெங்காய, மிளகாய்த் தோட்டக்காரருக்கு இறைப்புச் செலவு பெருஞ்சுமையாயிற்று. சூரிய நீரிறைக்கும் இயந்திரத்தின் பயன் அப்போது தெளிவாயிற்று. வெயில் கடுமையாகிப் பயிர் நீரை மிக வேண்டும் வேளையிலேயே அதுவும் மிகுதியாக இறைக்கும். நீரை உயரமான தொட்டியிற் சேமித்தால் பற்றரி வேண்டியதில்லை.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. மின்வெட்டுக்கு அஞ்சி வாங்குவோர் ஒன்றை மறத்தலாகாது. பற்றரியின்றிப் பொது மின்கம்பியுடன் இணைத்த சாதாரண தொகுதி, மின்வெட்டின்போது தானாகவே நின்றுவிடும். கம்பியிற் பழுது பார்ப்போருக்கு ஆபத்து நேராதிருக்கவே இவ்வேற்பாடு.

2. கடந்த 12 மாத மின்பட்டியல்களைக் கூட்டி, சேமிப்புத் தவணைப் பணத்துக்கு ஈடாகுமா எனப் பார்க்க.

3. தவணை மாதந்தோறும் வரும். நெல்லின் வருமானமோ போகமுடிவில் மட்டுமே வரும். இடைமாதங்களுக்கு வழி கண்டபின் கையொப்பமிடுக.

4. தென்னை, மா முதலியவற்றின் நிழல் படாத இடத்தைத் தெரிக. ஒரு தகட்டில் விழும் நிழல், அதனுடன் தொடராக இணைந்த பிறவற்றின் உற்பத்தியையும் குறைக்கலாம்.

வெளிச்சமோ, கட்டணக் குறைப்போ, இறைப்போ, தன் தேவை எதுவென முதலில் துணிந்து, அதற்கேற்ற தொகுதியைத் தெரிவு செய்யும் குடும்பம் கடனால் இடர்ப்படாது பயன் பெறும்.