கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே வயரில்

காலை ஆறு மணி. அம்மா தேநீருக்குக் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைக்கிறார். அதே எக்ஸ்டென்ஷன் வயரில் அக்காள் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடுகிறார். சிறிது நேரத்தில் சுவரில் செருகிய பிளக் சுடுகிறது. ஏன்? படிவம் இரண்டு அறிவியலில் படித்த மின்சுற்றுப் பாடத்திலிருந்தே தொடங்கலாம், மாணவர்களே.

கருவிகளின் அடியில் ஒட்டியிருக்கும் வில்லையைப் பாருங்கள். கெட்டில் 2300 வாட், இஸ்திரிப் பெட்டி 1150 வாட் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்: கெட்டிலுக்கு 10 ஆம்பியர், இஸ்திரிப் பெட்டிக்கு 5 ஆம்பியர். ஓமின் விதிப்படி அவற்றின் மின்தடை 23 ஓம், 46 ஓம். (மோட்டார் உள்ள கருவிகளுக்குக் கணக்கு இவ்வளவு எளிதல்ல. சூடேற்றும் கருவிகளோடு நிறுத்திக்கொள்வோம்.)

எக்ஸ்டென்ஷனில் இவை இரண்டும் பக்க இணைப்பில் உள்ளன. இரண்டுக்கும் அதே 230 வோல்ட். மின்னோட்டங்கள் மட்டும் கூடுகின்றன. ஆக 15 ஆம்பியர். மின்தடை வழியாகவும் சரிபார்க்கலாம்: 1/23 + 1/46 = 3/46. தலைகீழாக்கினால் 15.33 ஓம். 230 ÷ 15.33 = 15. இங்கேதான் பலர் 23ஐயும் 46ஐயும் கூட்டி 69 என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். பக்க இணைப்பின் மொத்தத் தடை, இருப்பவற்றில் மிகச் சிறியதைவிடச் சிறியதாகத்தான் வரும். விடை 23ஐத் தாண்டினால் எங்கோ தவறு.

நம் மூன்று முனை பிளக்கில் உள்ள ஃபியூஸ் 13 ஆம்பியருக்கானது. 15 ஆம்பியர் ஓடினால் அது உடனே உருகிவிடும் என்று நினைப்பீர்கள். உருகாது. சற்றே மிஞ்சிய மின்னோட்டத்தை அது நெடுநேரம் தாங்கும்.

இனி பிளக்குக்கு வருவோம். பழைய சாக்கெட்டில் பிளக்கின் முனை தளர்ந்து, அந்த இடத்தில் 0.2 ஓம் தடை உண்டாகிறது என்போம். மொத்த மின்னோட்டமும் அந்த ஒரே வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் இது தொடர் இணைப்பு. எனவே கூட்டுகிறோம்: 15.33 + 0.2 = 15.53 ஓம். மின்னோட்டம் 14.8 ஆம்பியர். தளர்ந்த முனையில் இழக்கப்படும் மின்னழுத்தம் 14.8 × 0.2, ஏறக்குறைய 3 வோல்ட். கெட்டிலுக்கு 227 வோல்ட் கிடைக்கிறது. தண்ணீர் வழக்கம்போல் கொதிக்கும். யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் அங்கே பிறக்கும் வெப்பம்? மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்குங்கள்: 14.8 × 14.8 × 0.2, கிட்டத்தட்ட 44 வாட். பட்டறையில் ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோல்களில் பல 40 வாட்தான். அவ்வளவு வெப்பம் ஒரு பிளாஸ்டிக் பிளக்குக்குள், ஒரு பித்தளை முனையில்! கெட்டில் மட்டும் ஓடியிருந்தால் 20 வாட்டுக்கும் சற்றுக் குறைவு. மின்னோட்டம் ஒன்றரை மடங்கானதும் வெப்பம் இரு மடங்கைத் தாண்டிவிட்டது.

சீருடையை முதல் நாள் இரவே இஸ்திரி போட்டுவிடலாம். கெட்டிலை எக்ஸ்டென்ஷனில் செருகாமல், சுவரில் உள்ள நல்ல சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் செருகும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அந்தச் சுற்றை வரைந்து பாருங்கள்: தொடர் இணைப்பில், தளர்ந்துபோகக்கூடிய முனை இன்னொன்று சேர்ந்திருக்கும்.