தீ அணைந்த அன்று இரவு

தீயை அணைப்பதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அணைந்த பிறகு வரும் முதல் இரவைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. தீயணைப்பு வண்டி போய்விடும். வேடிக்கை பார்த்த கூட்டமும் கலைந்துவிடும். சுவரில் சூடு இன்னும் இறங்கியிருக்காது. கதவு போன வாசலும் கண்ணாடி போன ஜன்னல்களும் தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கும். உள்ளே எரியாமல் தப்பிய பீரோ இருக்கலாம், நெல் மூட்டை இருக்கலாம், தண்ணீரில் ஊறிய பத்திரங்கள் இருக்கலாம். அந்த வாசலை யார் அடைப்பது, எதைக் கொண்டு அடைப்பது, விடியும்வரை யார் பார்த்துக்கொள்வது? தமிழ்நாட்டில் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விகளுக்கு ஒரு பதில் இருந்தது. இன்று வேறு பதில் இருக்கிறது.

அன்று ஊர்ப்புறத்தில் எரிந்தது பெரும்பாலும் கூரை. சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்த கீற்றில் ஒரு பொறி விழுந்தால் போதும், காற்று வாக்கில் நாலு வீடு சேர்ந்து போகும். மண்சுவர் மட்டும் நிற்கும். அடைப்பதற்கான பொருளுக்கு அலைய வேண்டியதில்லை. முடைந்து அடுக்கிவைத்த தென்னங்கீற்றும் மூங்கிலும் கயிறும் சாக்கும் பக்கத்துத் தெருவிலேயே கிடைத்தன. பழகிய கை இரண்டு இருந்தால் பொழுது சாய்வதற்குள் வாசலளவுக்கு ஒரு தட்டி கட்டி நிறுத்திவிடலாம். ஜன்னல்கள் சிறியவை, கட்டைக் கம்பி வைத்தவை. சாக்கைக் குறுக்கே கட்டினால் ஆயிற்று.

அந்தத் தட்டி திருடனைத் தடுக்கும் என்று யாரும் நம்பவில்லை. ஆடும் நாயும் உள்ளே நுழையாமலிருக்கவும், அந்த வீட்டுப் பெண்கள் மறைவாக உட்கார்ந்து அழவுமே அது பயன்பட்டது. திருடனைத் தடுத்தது எதிர்வீட்டுத் திண்ணை. அன்றிரவு அங்கே நாலைந்து பேர் பாயை விரித்துப் படுப்பார்கள். நடுவில் ஒருவர் எழுந்து போய், புகையும் உத்திரத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். காலையில் மணியக்காரரும் கர்ணமும் வந்து சேதத்தை எழுதுவார்கள். அவர்களும் அதே ஊர்க்காரர்கள். எந்த வீட்டில் என்ன இருந்தது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பரம்பரைப் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டு, அவற்றின் இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தத் திண்ணைக் காவல் எல்லாருக்கும் கிடைத்ததில்லை. சேரி எரிந்தபோது ஊர்த்தெருவின் பாய்கள் அங்கே போய் விரிக்கப்படவில்லை. வீடு எரிந்தவர்களே எரியாத மூலையில் படுத்துத் தங்களைக் காத்துக்கொண்டார்கள். பழைய காலத்தை நினைத்து ஏங்கும்போது இதை மறந்துவிடுவது எளிது. மறக்கக் கூடாது.

ஓட்டு வீடும் மாடி வீடும் எரிந்தால் ஆசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் செய்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கத் தோன்றுகிறது. கருகிய நிலைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, உளியின் முனையால் அடியிலிருந்து மேல்வரை குத்திப் பார்த்துக்கொண்டே போவார். கரி பொலபொலவென்று உதிரும். உதிர்ந்து முடிந்து உளி ‘டக்’கென்று நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அதற்கு உள்ளே இருப்பது நல்ல மரம். கனமான மரம் நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கரியாகும். அரை மணி நேரம் எரிந்தாலும் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்தான் போகும். அந்தக் கரியே ஒரு போர்வையாகி உள்மரத்தைக் காக்கும். ஆகவே ஒன்றரை, இரண்டு அங்குலத் தேக்குக் கதவு ஒரு முகம் முழுக்கக் கருகியிருந்தாலும் பல நேரம் செத்துவிடுவதில்லை. ஆசாரி அதைச் செதுக்கி, இழைத்து, தாழ்ப்பாளையும் கொண்டியையும் எரியாத பக்கத்துக்கு மாற்றி, அதே நிலையில் திரும்ப நிறுத்துவார். நாதாங்கி வளைந்திருந்தால் கொல்லன் பட்டறையில் தட்டி நிமிர்த்தினார்கள். திண்டுக்கல் பூட்டு ஒன்றை மாட்டிவிட்டால் வீடு மறுபடியும் வீடு. கதவு கொஞ்சம் மெலிந்திருக்கும், ஓரத்தில் கறுப்பு தெரியும். அந்தக் கறுப்போடு அது இன்னும் முப்பது, நாற்பது வருடம் ஓடும்.

இன்றைய கதவு அப்படித் திரும்பி வருவதில்லை. அறைக் கதவாக வரும் ஃபிளஷ் டோரில் முன்னும் பின்னும் மெல்லிய பலகை, நடுவே துண்டு மரம், எல்லாவற்றையும் பிடித்திருப்பது பசை. சூடு ஏறினால் பசை விடும், பலகை உரிந்து தொங்கும். குளியலறைக்குப் போடும் பிளாஸ்டிக் கதவு, தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு முன்பே இளகித் தொய்கிறது. அலுமினிய ஜன்னல் சட்டம் 660 டிகிரிக்குள் உருகிவிடும். நன்றாகப் பிடித்த ஓர் அறைத் தீ அதைச் சுலபமாகத் தாண்டும். கண்ணாடி இவற்றுக்கெல்லாம் முன்பே, தீ தொடங்கிய சில நிமிடங்களில் விரிசல் விட்டுக் கொட்டிவிடுகிறது. பழைய வீட்டின் ஜன்னலை ஒரு சாக்கு மூடியது. ஆறடி அகலத்துக்குத் தள்ளுகிற கண்ணாடி வைத்த இன்றைய பால்கனியை எதைக் கொண்டு மூடுவது?

தகரம், பிளைவுட், நீலத் தார்ப்பாய். இன்று கைக்கு வருபவை இவை. தகரம் வலுவானது, மழை தாங்கும், ஆள் நுழைய முடியாது. கீற்றுத் தட்டியோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் அதைப் பிடிக்கவைப்பதுதான் சிரமம். கருகிய சட்டத்தில் ஆணி நிற்காது. சுவரில் துளை போட்டு போல்ட் இறக்கலாம் என்றால், வெந்த பூச்சு பெயர்ந்து வரும். நல்ல செங்கல் தட்டுப்படும்வரை தள்ளிப் போய்த் துளையிட வேண்டும். அதற்கும் முன்னால் அண்ணாந்து லிண்டலைப் பார்க்க வேண்டும். கான்கிரீட் சூட்டில் வெடித்துச் சில்லுச் சில்லாகக் கொட்டும். உள்ளே உள்ள கம்பி 600 டிகிரியை நெருங்கும்போது ஏறக்குறையப் பாதி பலத்தை இழந்துவிடுகிறது. முட்டுக் கொடுக்காத லிண்டலுக்குக் கீழே நின்று ஏணி போட்டுத் தகரம் அடிப்பது உயிருக்கு ஆபத்தான வேலை. அனுபவமுள்ள மேஸ்திரி முதலில் முட்டுக் கம்பு கொண்டுவரச் சொல்வார். அவசரத்தில் கூப்பிட்ட ஆள் முதலில் டிரில்லை எடுப்பார்.

பழைய தட்டியில் ஒரு நல்ல குணம் இருந்தது. திட்டமிட்டு வந்ததல்ல என்றாலும் நல்லதுதான். அது காற்றை விட்டது. தீயணைப்பு முடிந்த கட்டடம் எரிந்த கட்டடம் மட்டுமல்ல, நனைந்த கட்டடமும்கூட. குழாய் பீய்ச்சிய தண்ணீர் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் நின்றிருக்கும். இடுக்கில்லாமல் தகரத்தால் அடைத்துவிட்டால் ஈரம் போக வழியில்லாமல் சில நாளில் பூஞ்சை பிடிக்கும், புகை நாற்றம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு கை அகலம் விட்டு அடிக்க வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை, பாதுகாப்பு என்று நினைத்து அதையும் அடைக்கச் சொல்கிறார்.

கடைத்தெருவில் மாற்றம் இன்னும் துலக்கமாகத் தெரியும். பழைய மளிகைக் கடைகளுக்குப் பலகைக் கதவு. ஒவ்வொரு பலகைக்கும் எண் போட்டிருக்கும். ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் காடியில் செருகி, கடைசிப் பலகையில் இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுவார்கள். தீயில் நாலு பலகை போனால் நாலை மட்டும் புதிதாக அறுத்து வாங்கினார்கள். அன்று மாலையே கடை மூடிக்கொள்ளும். இப்போது ரோலிங் ஷட்டர். சாதாரண நாளில் அது பலகையைவிட ஆயிரம் மடங்கு வசதி, ஒற்றைக் கையால் இழுத்து மூடலாம். ஆனால் சூட்டில் அதன் பட்டைகள் கோணிக்கொண்டால் ஏறாது, இறங்காது. தீயணைப்பு வீரர்கள் வெட்டித்தான் உள்ளே போக வேண்டும். வெட்டிய ஷட்டரை அன்றிரவு மூட வழியே கிடையாது. சென்னை தியாகராய நகரில் 2017 மே 31-ல் ஏழு மாடித் துணிக்கடை எரிந்தபோது கதவு ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. மறுநாள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. அடைக்கப்பட்டது கட்டடமல்ல, சுற்றியிருந்த சாலை. இன்றைய பெரிய தீ இந்த அளவில் வருகிறது.

காப்பீட்டுக் காகிதத்தின் பக்கம் வந்தால், அங்கேதான் உண்மையான லாபம். அன்று ஊரில் தீக்காப்பீடு வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். வந்தது அரசு கொடுத்த அரிசியும் வேட்டி சேலையும் கொஞ்சம் ரொக்கமும். அதற்குப் பிறகும் வெகுகாலம் நடைமுறையில் இருந்த பொதுவான தீக்காப்பீட்டு பாலிசியில் ஒரு விதிவிலக்கு இருந்தது: தீயின்போதோ தீக்குப் பிறகோ பொருள் திருட்டுப் போனால் அது கணக்கில் வராது. எரிந்ததற்குப் பணம் உண்டு. எரியாமல் தப்பி, திறந்த வாசல் வழியே போனதற்குக் கிடையாது. 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி இதை மாற்றியது. தீ போன்ற விபத்து நடந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கும் இழப்பீடு உண்டு. இடிபாடு அகற்ற முன்பு கோரிக்கைத் தொகையில் 1 சதவீதம் வரை. இப்போது 2 சதவீதம் வரை. கட்டடப் பொறியாளர் போன்றவர்களின் கட்டணத்துக்கு முன்பு 3, இப்போது 5. அந்த ஏழு நாள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் வாரத்தில் திறந்த வாசல் ஓர் ஆபத்து என்று காப்பீட்டு ஒப்பந்தம் ஒப்புக்கொண்டுவிட்டது.

அதே காகிதம் ஒரு தாமதத்தையும் கொண்டுவந்தது. போலீஸில் புகார், தீயணைப்புத் துறையின் சான்று, சந்தேகம் இருந்தால் தடய அறிவியல் ஆட்கள், பிறகு சர்வேயர். எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை எதையும் தொடக்கூடாது என்ற பயத்தில் பலர் வாசலைக்கூட அடைக்காமல் விட்டுவிடுகிறார்கள். சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை என்பது அதே பாலிசியில்தான் எழுதியிருக்கிறது. எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிட்டு, போலீஸ் சீல் வைக்காத இடங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு அடைக்கலாம், அடைக்கவும் வேண்டும்.

சென்னையின் பழைய கட்டடங்களின் கதையில் இந்த அன்றும் இன்றும் வேறொரு வடிவம் எடுக்கிறது. அண்ணா சாலையின் பழைய ஸ்பென்சர் கட்டடம் 1983-ல் எரிந்தது. 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே 30-ல் எரிந்தது. இரண்டும் திரும்பவில்லை, ஒன்றின் இடத்தில் வணிக வளாகம், மற்றதன் இடத்தில் ரயில் நிலையக் கட்டடம். எரிந்தால் இடிப்பது என்பதே அன்றைய வழக்கம். சேப்பாக்கத்தில் 1768-ல் எழுந்த ஆற்காட்டு நவாப் அரண்மனையின் கலஸ் மஹால் பகுதி 2012 ஜனவரியில், பொங்கலை ஒட்டி எரிந்தது. ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். கூரை உள்ளே விழுந்தது. வரிசை வரிசையான வளைவு ஜன்னல்கள் வெறும் துளைகளாக நின்றன. இடித்துவிடலாம் என்ற பேச்சு அப்போதும் எழுந்தது. ஆனால் இம்முறை பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரையும் மரமும் கொண்டு அதை மீட்டெடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று அங்கே நடக்கிறது. இருபத்தேழு ஆண்டு இடைவெளியில் நகரம் கற்றுக்கொண்ட பாடம் இது, பெரிய பாடம்.

ஆனால் எரிந்ததற்கும் மீட்டதற்கும் நடுவே கடந்த ஆண்டுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குத் தீயைவிடக் கொடியது கூரை இல்லாமல் நனையும் மழைக்காலம். திறந்த ஜன்னல் வழியே தண்ணீர் இறங்கும், பறவை போட்ட அரச விதை இடுக்கில் வேர் விடும். தீயில் தப்பிய பழைய இரும்பும் மரமும் திறந்த கட்டடத்தில் நெடுநாள் இருப்பதில்லை. மேலே தற்காலிகக் கூரையும் ஜன்னல்களுக்கு அடைப்பும் முதல் மாதத்திலேயே போட்டால், பின்னால் செய்ய வேண்டிய வேலை வெகுவாகக் குறையும். பழைய கட்டடத்தைக் காப்பாற்றுவதா வேண்டாமா என்பதைக் குழுக்கள் முடிவு செய்வதற்குள் மழையே முடிவு செய்துவிடக் கூடாது.

திண்ணைகள் போய்விட்டன, புதிய வீடுகளுக்கு அவை கிடையாது. எதிர்வீட்டில் கேமரா இருக்கிறது. யார் எடுத்துப் போனார்கள் என்று மறுநாள் அது காட்டும். அன்றிரவு எழுந்து வந்து ‘யாரது’ என்று கேட்காது. அடுக்குமாடியில் காவலாளி உண்டு, ஆனால் அவர் கேட்டில்தான் இருப்பார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தீ அணைந்த சில மணி நேரத்தில் பலகையோடு வந்து கதவு ஜன்னல்களை அடைத்துத் தருவதற்கென்றே இரவு பகலாக இயங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. நம் ஊர்களில் அந்த வேலை மேஸ்திரிக்கும் வெல்டருக்கும் தச்சருக்கும் நடுவே பிரிந்து கிடக்கிறது. யாரைக் கூப்பிடுவது என்று எரிந்த வீட்டுக்காரர் நள்ளிரவில் செல்பேசியைத் தடவிக்கொண்டு நிற்கிறார்.

இதை ஒவ்வொரு நகராட்சியும் மாநகராட்சியும் செய்ய முடியும். வார்டு அலுவலகத்தில் பத்துத் தகரம், முட்டுக் கம்புகள், இரண்டு தார்ப்பாய், கூப்பிட்டால் வரும் ஒரு மேஸ்திரியின் எண்: இவ்வளவுதான் தேவை. தீயணைப்பு வண்டி கிளம்பும் முன் அந்த எண்ணை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த ஏற்பாடு வரும்வரை, உங்கள் தெருவில் ஒரு வீடு எரிந்தால், அன்றிரவு இரண்டு பேராவது அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள்.