பின்னங்கால் இழுக்கும் கிழ நாய்: "மரபணு சீட்டை" நம்பி முடிவு எடுக்கலாமா?

அல்சேஷன் நாய் வளர்க்கிறீர்களா? அதற்கு 8 வயது தாண்டிவிட்டதா? அப்படியானால் அது நடக்கும்போது கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். பின்னங்கால் நகம் தரையில் "சர்... சர்..." என்று உரசுகிறதா?

"வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நாளாக நாளாக இடுப்பு ஆடும். திரும்பும்போது கால் பின்னிக்கொள்ளும். பாதம் மடங்கி, மேல்பக்கம் தரையில் தேயும். ராத்திரியெல்லாம் தெருவையே அதட்டிய நாய், வாசற்படி தாண்ட ஆள் துணை தேடும்!

நரம்பு நலியும் நோய்

இதற்கு ஒரு காரணம், "டிஜெனரேட்டிவ் மைலோபதி" என்ற நோய். முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக நலிந்துபோகிறது. அல்சேஷன், பாக்ஸர் போன்ற ஜாதி நாய்களுக்கு வயதான காலத்தில் வருகிறது.

இந்த நோயில் வலி இல்லை. குணப்படுத்த மருந்தும் இல்லை. பல நாய்களுக்கு 6 மாதம் முதல் 1 வருடத்துக்குள் பின்னங்கால்கள் விழுந்துவிடும். பிறகு மூத்திரமும் மலமும் அடங்காது.

எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் உள்ள கோளாறுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதை 2009-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர். மனிதர்களுக்கு வரும் ஏ.எல்.எஸ். நோயிலும், சில குடும்பங்களில், இதே மரபணுவில் கோளாறு இருப்பது 1993-லேயே தெரிந்த விஷயம்.

சீட்டு என்ன சொல்கிறது?

நாயின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தோ, ரத்தம் எடுத்தோ இதைப் பரிசோதிக்கலாம். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்றில் மட்டும் கோளாறு என்றால் நோய் வருவது அபூர்வம். ஆனால் குட்டிக்குப் போகலாம். இரண்டிலும் கோளாறு என்றால் சீட்டில் "ஆபத்து உண்டு" என்று வரும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஆபத்து உண்டு என்றால் நோய் இருக்கிறது என்று அர்த்தம் அல்ல! இரண்டு பிரதியிலும் கோளாறு இருந்தும், கடைசிவரை நன்றாக நடந்து செத்த நாய்கள் உண்டு. இந்த நோய்தான் என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால், நாய் இறந்தபிறகு முதுகுத்தண்டை அறுத்துப் பார்க்கவேண்டும். உயிரோடு இருக்கும்போது மற்ற நோய்களை ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் டாக்டர்கள் முடிவுக்கு வருகிறார்கள்.

அந்த மற்ற நோய்கள் என்ன? இடுப்பு மூட்டுத் தேய்மானம், முதுகெலும்பு ஜவ்வு பிதுங்குதல், கட்டி. இவற்றில் சிலவற்றுக்கு வைத்தியம் உண்டு. சீட்டைப் பார்த்து "விதி அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டால், காப்பாற்றக்கூடிய நாயும் கைவிட்டுப் போகும்!

முதுகையோ இடுப்பையோ தொட்டால் நாய் கத்துகிறதா? கடிக்க வருகிறதா? அப்படியானால் வலி தரும் வேறு கோளாறு இருக்கிறது. உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சென்னைவாசிகளுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. வீட்டில் இருக்கும் மனுஷர் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சில மாத்திரை நாய்க்கு விஷம்.

வீட்டில் செய்யவேண்டியது

வழுக்கும் டைல்ஸ் தரையில் கோணிச்சாக்கோ ரப்பர் விரிப்போ போடுங்கள். தினமும் மெதுவாக, சிறிது தூரம் நடத்துங்கள். எழ முடியாவிட்டால் வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடியுங்கள். எடை ஏறவிடாதீர்கள். படுத்தே கிடந்தால் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்து, ஈரம் துடையுங்கள். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும்.

"ஊசி போட்டுடலாமா சார்?" என்ற கேள்வி ஒருநாள் வரத்தான் செய்யும். அதற்குப் பதில் மரபணு சீட்டில் இல்லை. சாப்பிடுகிறதா, வீட்டு ஆளைக் கண்டால் வாலாட்டுகிறதா, புண்ணில்லாமல் படுக்க முடிகிறதா என்று தினமும் குறித்துவையுங்கள். நல்ல நாளைவிடக் கெட்ட நாள் அதிகமாகிவிட்டால், அந்தக் குறிப்போடு டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கும், இனச்சேர்க்கைக்கு விடுகிறவர்களுக்கும்தான் அந்தச் சீட்டு அதிகம் உதவும். கோளாறு உள்ள இரண்டை ஜோடி சேர்க்காமல் இருந்தால், பிறக்கும் குட்டிகளுக்கு இந்தத் தொல்லை குறையும்.